சின்னப்பனின் மண்பெட்டி

சேசு மரி சூசை துணை

புனித ரீத்தம்மாள் ஆஸ்பத்திரி
பெண்கள் வார்டு
12 ஜூலை 1954

அன்புள்ள அக்காவுக்கு,

பிலோமி எழுதிக்கொள்வது. இங்கே வந்த வாரமே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். பேனாவை எடுப்பேன், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வைத்துவிடுவேன். அத்தையை அடக்கம் செய்த நாளிலிருந்து நாம் இரண்டு பேரும் ஒழுங்காக நாலு வார்த்தை பேசினதில்லை. அப்படி இருந்தும், என்னை ரயிலேற்றின அன்றைக்கே திருவொற்றியூர் வீட்டைப் பூட்டிக்கொண்டு, தகரப் பெட்டியோடு கல்மண்டபத்துக்கு வந்து உங்கள் தம்பிக்குச் சோறு ஆக்கிப் போடுகிறீர்கள். நன்றி என்று எழுதினால் உங்களுக்குக் கோபம்தான் வரும். அதனால் எழுதவில்லை.

இந்தக் கடிதம் சின்னப்பனைப் பற்றியது. அவன் மெத்தையில் அசிங்கம் பண்ணிவிட்டதாகவும், நீங்கள் துடைப்பத்தால் அடித்ததாகவும், அன்றையிலிருந்து கட்டிலுக்கு அடியிலேயே கிடப்பதாகவும் அவர் எழுதியிருந்தார்.

அவனுக்கு மூன்று கால்தான் என்பது உங்களுக்குத் தெரியும். ஹார்பர் ரயில் பாதையில் ஒரு கால் நசுங்கிக் கிடந்த பூனைக்குட்டியை உங்கள் தம்பிதான் கைக்குட்டையில் சுற்றி எடுத்துவந்தார். மாடிப்படி இறங்க வராது. இறங்கினாலும் கீழே கருவாடு காயப்போடுகிற சந்து, நாய்கள், கல்லெறிகிறவர்கள். அவனுக்கு உலகமே நம் இரண்டு அறைதான். அதனால்தான் அவன் வெளிக்குப் போக, கதவுக்குப் பின்னால் சவுக்காரச் சோப்பு வந்த அந்த மரப்பெட்டி. கால் தூக்கி வைக்கச் சிரமப்படுகிறான் என்று ஒரு பக்கத்தைத் தாழ்வாக அறுத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

பெட்டியில் நாலு விரல் உயரத்துக்குக் காய்ந்த மண் இருக்க வேண்டும். காலையில் ஒரு முறை, விளக்கு வைக்கும் முன்னே ஒரு முறை, அந்தப் பழைய கரண்டியால் நனைந்து கட்டியானதையும் மற்றதையும் எடுத்துப் போட்டால் போதும். முன்னே போனது அப்படியே கிடந்தால் பூனை அதன் மேல் போகாது அக்கா. அடக்கி வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும். முடியாமல் போகிறபோதுதான் மெத்தையைத் தேடும். அது திமிர் இல்லை.

உங்களிடம் இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கேட்க வேறு ஆளில்லை.

பிலோமி


கல்மண்டபம்
20-7-54

பிலோமிக்கு,

ஒன் கடுதாசி வந்துச்சு. ரெண்டு தபா படிச்சேன். ஒடம்பு எப்டி கீது, ஜொரம் நின்னுச்சா, சோறு எறங்குதா, ஒண்ணும் எழுதல நீ. பக்கம் பக்கமா பூனை பேளறதைப் பத்தி எழுதிகிறே. எனக்கு நாலாங்கிளாசு படிப்பு. பேசறாப்புலதான் எழுத வரும். தப்பா எட்த்துக்கினா எட்த்துக்கோ.

எங்கம்மா ஒரு பக்கம் இய்த்துக்கினு படுக்கையில கெடந்துச்சே, அப்ப என் புருசன் போயி வருசம் திரும்பல. நான் தெனம் திருவொத்தியூர்லேர்ந்து பஸ் ஏறி வருவேன். வந்து பாத்தா ராவுல போனது அப்டியே துணியில காஞ்சி கெடக்கும். வூட்ல மருமவ நீ ஒருத்தி கீறே. அடுப்பாண்ட நின்னுகினு கஞ்சி காச்சுவே. அந்த ரூம்புக்குள்ள கால் வெக்க மாட்டே. பெத்த பொண்ணுதான் வந்து அள்ளணும். அள்ளுனேன். மூஞ்சி சுளிக்காம அள்ளுனேன். அம்மாம் செஞ்சவளப் பாத்து இப்ப பூனைக்கு அள்ளுன்னு எழுதறே. ஒனக்கு மனசாட்சின்னு ஒண்ணு கீதா?

அதுக்குப் பேரு வேற சின்னப்பன். அர்ச்சியசிஷ்டவரு, புனிதரு பேரு. கோயில் சாமியாரு காதுல வுழுந்தா இன்னா நெனைப்பாரு?

பெட்டிய நான் சொம்மா வுட்டேன்னு நெனைக்காத. வந்த மறுநாளே மண்ணக் கொட்டிட்டு, பினாயிலு ஊத்தி, தேங்கா நாரு போட்டுத் தேச்சி வெச்சேன். வூட்டுக்குள்ள கலீஜு இன்னாத்துக்குன்னு மாடிப்படி தலமாட்டுல வெச்சேன். கீழ் வூட்டு ஃப்ளோரன்சோட பசங்க ஏறி எறங்கற எடம் அது. ஒன் மிருகம் அதும் பக்கத்துலயே போவல. மெத்தைல போனது பத்தாம என் பாயிலயும் போச்சு. நான் படுக்கற பாயில.

போதும். வண்டிக்கார காஜா மொய்தீனாண்ட சொல்லிக்கீறேன். வர்ற ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி வந்ததும் சாக்குல கட்டிக் குடுத்துடுவேன். காசிமேட்டாண்ட வுட்டுட்டு வந்துடுவான். மீன் துன்னு பொயைச்சிக்கும்.

ஒடம்பப் பாத்துக்கோ.

இருதயம்மாள்


ஆஸ்பத்திரி
22 ஜூலை 1954

அக்கா,

உங்கள் கடிதம் இன்று காலையில்தான் கைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் இது உங்களிடம் சேர வேண்டுமே என்று தபால் எடுக்கிறவரை ஜன்னலுக்கு வெளியே நிறுத்தி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணினால் மன்னியுங்கள். படுத்தபடிதான் எழுத வேண்டும்.

மூன்று காலோடு காசிமேட்டில் அவன் ஒரு பகல் தாங்க மாட்டான். உங்களுக்கும் தெரியும். யாராவது கேட்டால் கொடுத்துவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை. சாக்கில் மட்டும் கட்டாதீர்கள்.

பினாயில் வாடை நமக்கே மூக்கைப் பொத்த வைக்கும். அவனுக்கு அது பல மடங்கு. அந்த வாடை இருக்கும் வரைக்கும் பெட்டியை அவன் தன் இடம் என்று நினைக்க மாட்டான். பிள்ளைகள் ஓடுகிற இடத்தில் வைத்தாலும் போக மாட்டான். பதுங்கி உட்கார ஒரு மூலை வேண்டும். யாருக்குத்தான் வேண்டாம்?

என்னை இங்கே எழுந்திருக்கவே விடுவதில்லை அக்கா. எல்லாம் படுக்கையில்தான். ஆயா ஞானம் நல்லவள்தான், ஆனால் இத்தனை கட்டிலுக்கும் அவள் ஒருத்தி. இரண்டாம் தடவை கூப்பிட்டால், "மறுபடியுமா?" என்பாள். அவ்வளவுதான் சொல்வாள், திட்டக்கூட மாட்டாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து நான் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. வயிறு கல்லாகிக் கிடக்கும்போது எனக்குச் சின்னப்பன் ஞாபகம்தான் வருகிறது. அதனால்தான் என் உடம்பைப் பற்றி எழுதாமல் அவனைப் பற்றி எழுதினேன் போலிருக்கிறது.

அத்தை அறைக்குள் நான் கால் வைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதல் வாரம் வைத்தேன். துணி மாற்றப் போனேன். "பிள்ளை பெறாத கை என் மேல படக் கூடாது, இருதயத்தை வரச் சொல்லு" என்றார்கள். வாய் கோணியிருந்தும் அதை மட்டும் தெளிவாகச் சொன்னார்கள். நான் கேட்காமல் துணியை உருவினேன். என் மணிக்கட்டைக் கடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் போகவில்லை. உங்கள் தம்பி வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

பெற்ற தாயைப் பற்றி மகளிடம் இதை எப்படிச் சொல்வது? அப்புறம் அவர்கள் இறந்துபோனார்கள். இறந்தவர்களைப் பற்றிச் சொல்வது அதைவிடக் கஷ்டம். அவனைச் சாக்கில் கட்டிக் கொடுப்பேன் என்று நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் இப்போதும் சொல்லியிருக்க மாட்டேன்.

தபால்காரர் கூப்பிடுகிறார்.

பிலோமி


கல்மண்டபம்
9-8-54

பிலோமிக்கு,

அந்த சனிக்கெழம சாயங்காலமே ஒன் கடுதாசி வந்துச்சு. ஒன் புருசன் ஜேக்கப்பு வேலை முடிஞ்சி வந்து சட்டையக் கய்ட்டிகினு இருந்தான். "இது நெசமாடா?"ன்னு கேட்டேன். "எது?"ன்னான். படிச்சிக் காட்டுனேன். செவுத்தப் பாத்துகினே நின்னான். அப்பால, "அம்மா அப்டித்தான் சொல்லிச்சு"ன்னான்.

"ஏண்டா, நான் அவளை வாய்க்கு வந்தபடி பேசிகினு இருந்தப்போ நீ இன்னாடா பண்ணே?"ன்னேன். அவன் தட்ல போட்ட சோத்த எடுத்து மூடி வெச்சிட்டேன். அன்னிக்கு ரெண்டு பேருமே துன்னல.

எங்கம்மா நல்லவதான் பிலோமி. ஆனா அந்த வார்த்த சொல்லியிருக்கும். சொல்லக்கூடிய வாய்தான் அது. கடிச்சதையுந்தான் என்னால இல்லைன்னு சொல்ல முடியல. என்னையும் ஒரு தபா கடிச்சிது. வலி தாங்காம கடிக்குதுன்னு அப்ப நெனச்சிகினேன்.

நான் மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன். எனக்கு வராது.

காஜா மொய்தீனு ஞாயித்துக்கெழம வண்டி கட்டிகினு வந்து நின்னான். சாக்கு எங்கன்னான். இல்ல போன்னு அனுப்பிட்டேன். இந்தப் பொம்பளைக்கு வேற வேலையில்லன்னு மொணங்கிகினே போனான்.

பெட்டிய சுடுதண்ணி ஊத்திக் கய்வி, சாம்பலு போட்டுத் தேச்சி, மொட்டை மாடியில வெயில்ல கவுத்து வெச்சேன். மோந்து மோந்து பாத்தேன், பினாயிலு வாடை போற வரைக்கும். அக்கம்பக்கத்துல பாத்தவளுங்க எனக்கு இன்னாமோ ஆயிடுச்சின்னு பேசிகினாளுங்க. பழையபடி கதவு பின்னாடியே வெச்சாச்சு. கடற்கரை மண்ணு அள்ளியாந்து கொட்டுனேன். அதுல போச்சு. ஆனா வெளிய வந்து கால நக்கிகினே குந்திக்கீது. வெரலு நடுவுல செவந்து போச்சு. இது இன்னாத்துக்குன்னு எழுது.

தண்ணி குடி. அந்த ஆயா இன்னா சொன்னா இன்னா? அவளுக்குச் சம்பளம் குடுக்கறாங்க இல்ல?

இருதயம்மாள்


ஆஸ்பத்திரி
22 ஆகஸ்ட் 1954

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். பெட்டியை நீங்கள் மோந்து பார்த்த இடத்தைப் பக்கத்துக் கட்டில் முத்தம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இருமல் வந்தும் விடாமல் சிரித்தாள்.

கால் சிவந்தது உப்பினால். கடல் மண் ஆகாது. கட்டடம் கட்டுகிற இடத்தில் ஆற்று மண் கிடைக்கும். அதை ஒரு முறை அலசிக் காயவைத்து, அரிசிச் சல்லடையில் சலித்து (பழைய சல்லடை ஆணியில் தொங்கும், நல்லதை எடுக்காதீர்கள்) போடுங்கள். அடுப்புச் சாம்பல் ஒரு பிடி அடியில் தூவினால் நாற்றம் அடங்கும். மேலே தூவினால் தும்முவான். சனிக்கிழமை மண் முழுவதையும் மாற்றிவிட்டால் வாரம் முழுக்கக் கவலையில்லை. பெட்டிக்கு முன்னால் ஒரு சாக்கை விரித்து வைத்தால் வெளியே வரும்போது கால் உதறுகிற மண் அதில் விழும். சோற்றுக் கிண்ணம் மட்டும் பெட்டிப் பக்கம் வேண்டாம்.

அவன் பெட்டியில் இருக்கும்போது பார்க்காதீர்கள். பார்த்தால் பாதியில் எழுந்து வந்துவிடுவான்.

சொல்ல வேண்டிய இன்னொன்று. ஊசியெல்லாம் போட்டும் இடது பக்க நுரையீரல் ஆறவில்லையாம். விலா எலும்பு சிலதை எடுத்துவிட்டு அந்தப் பக்கத்தை அமுக்கிவிட்டால் ஒருவேளை ஆறும் என்கிறார் டாக்டர். ஒருவேளை என்றுதான் சொன்னார். நான் இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் அப்படியேதான் சொன்னார்.

அவர் வந்து வெகு நாளாகிறது அக்கா. ஹார்பரில் கப்பல் நெருக்கடி, லீவு கிடைக்கவில்லை என்று எழுதுகிறார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பார்வை நேர மணி அடித்தவுடன் எல்லார் தலையும் வாசல் பக்கம் திரும்பும். என் தலையும் திரும்பும். உண்மையில் என்ன காரணம்? நான் வருத்தப்படுவேன் என்று மறைக்காதீர்கள். உங்களுக்கு மறைக்கத் தெரியாது, அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

பிலோமி


கல்மண்டபம்
10-9-54

பிலோமிக்கு,

கப்பலும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கெழமல அவன் வூட்லதான் குந்திகினு கீறான். பயப்படறான்.

ஒனக்கு நாங்க சொல்லாத ஒண்ணு கீது. எங்கப்பன் போனதும் இதே டி.பி. சீக்குலதான். கோடி ரூம்புல, இப்ப நீங்க ரெண்டு பேரும் படுக்கறீங்களே அங்கதான். அம்மா பண்டக சாலைக்கு வேலைக்குப் பூடும். நான் வாக்கப்பட்டு திருவொத்தியூரு போயிட்டேன். ஜேக்கப்பு சின்னப் பையன். எங்கப்பன் இருமும்போது அவந்தான் கிண்ணிய ஏந்திகினு நிப்பான். ரத்தம் வந்தா அவந்தான் கொண்டும் போய்க் கொட்டணும். ஒரு நாளு பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்து கிண்ணிய எடுத்துகினு போயிக்கீறான், அப்பன் அசையல. கூப்ட்டுக் கூப்ட்டுப் பாத்துட்டு, அம்மா வர்ற வரைக்கும் கிண்ணியோட அப்டியே நின்னுகினு இருந்திருக்கான்.

அதான் இவன். அந்த ஆஸ்பத்திரி வாடைல அவனுக்கு அந்தக் கிண்ணிதான் கண்ணு முன்னாடி வருதாம். போன தபா ஸ்டேசன் வரைக்கும் வந்துட்டு, டிக்கெட்டு எடுக்காம திரும்பிட்டான். நான் திட்டாத திட்டு இல்ல. "நீ ஆம்பளையாடா?"ன்னு கூடக் கேட்டேன். அழுவவும் மாட்டேங்கறான், போவவும் மாட்டேங்கறான். ஒனக்குத் தெரிஞ்சிருக்கணும்னு எழுதறேன். அவனை நல்லவன்னு சொல்ல வரல.

எனக்கு நடுவுல ரெண்டு நாளு ஜொரம். எந்திரிக்க முடியல. பெட்டிய நீதாண்டா பாக்கணும்னேன். மூஞ்ச அந்தப் பக்கம் திருப்பிகினு, கண்ண மூடிகினு கரண்டியப் போட்டான். மண்ணெல்லாம் தரையில. திரும்ப நாந்தான் பெருக்குனேன்.

இங்க மள ஆரம்பிச்சிடுச்சு. மண்ணு காயல. ஈர மண்ணுல அது கால் வெக்க மாட்டேங்குது, வெளிம்புல நின்னுகினு என்னப் பாத்துக் கத்துது. வேற வழி? பெரிய இரும்புச் சட்டிய அடுப்புல ஏத்தி மண்ண வறுத்தேன். நல்லா வறுத்து, ஆறவெச்சி, கையில தொட்டுப் பாத்துட்டுத்தான் போட்டேன். ஃப்ளோரன்சு மேல ஏறி வந்து, "வேர்க்கடலையா அக்கா? எனக்கு ஒரு கை குடுங்க"ன்னா. சட்டியக் காட்டுனேன். வந்த வேகத்துல எறங்கிப் பூட்டா.

சின்னப்பன் இப்ப என் பாயிலதான் படுக்கறான். அசிங்கமெல்லாம் பண்றதில்ல.

எலும்ப எடுக்கறத நெனச்சா எனக்கே ஒதறுது. எப்பன்னு எழுது.

இருதயம்மாள்


ஆஸ்பத்திரி
3 அக்டோபர் 1954

அக்கா,

நிறைய எழுதத் தெம்பில்லை. கார்டு போதும்.

முத்தம்மா போய்விட்டாள். காலையில் கண் விழித்துப் பார்த்தபோது மெத்தையை வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். கட்டிலின் இரும்புக் கம்பிகள் மட்டும் தெரிகின்றன. அந்தப் பக்கம் பார்க்காமல் படுக்க முடியவில்லை. இடது பக்கம் சாய்ந்தால்தான் மூச்சு வருகிறது.

எனக்கு ஆப்பரேஷன் நவம்பர் நடுவில்.

அவரைத் திட்டாதீர்கள். எனக்குத் தெரியாது அக்கா. இத்தனை வருஷத்தில் அந்த அறையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சின்னப்பன் என்னைத் தேடுகிறானா? இல்லை என்றாலும் எழுதுங்கள்.

பிலோமி


ஆஸ்பத்திரி
28 அக்டோபர் 1954

அன்புள்ள அக்கா,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வாசலில் வந்து நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. குடையும் பையுமாக, சேலை முழங்கால் வரை நனைந்து, யாரோ யாரையோ பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நீங்கள் பக்கத்தில் வந்து, "இன்னாம்மா இது, குச்சி மாதிரி ஆயிட்டே" என்றீர்கள். அப்புறம்தான் தெரிந்தது.

என் தலையைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டீர்கள். அதற்கு அப்புறம் நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். எனக்கு அவசரம் வந்ததை நான் சொல்லவே இல்லை. முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, ஞானத்தைக் கூப்பிடாமல் நீங்களே பாத்திரத்தை எடுத்து வைத்தீர்கள். வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டீர்கள். முடிந்ததும் கொண்டுபோய்க் கழுவி, சுடுதண்ணீர் ஊற்றி, துடைத்துக் கொண்டுவந்தீர்கள். உங்கள் முகம் மாறவில்லை. அன்று ராத்திரி நான் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

ஆனால் அக்கா, நீங்கள் இருந்த நேரமெல்லாம் சின்னப்பனைப் பற்றிக் குறையே சொல்லவில்லை. நான் கேட்டதற்கு, "அவனுக்கின்னா, ராஜா மாதிரி கீறான், தங்கம்" என்றீர்கள். பெட்டி எப்படி என்றதற்கு, "அதெல்லாம் சுத்தமா கீது" என்றீர்கள். பாயில் முடி கொட்டுகிறது என்றோ, மண் வறுத்துக் கை சுட்டுக்கொண்டது என்றோ, புனிதர் பெயரை வைத்தது பாவம் என்றோ ஒன்றுமே இல்லை. ஒரு தடவைகூட மிருகம் என்று சொல்லவில்லை.

அவன் இல்லை என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. நீங்கள் அவ்வளவு தூரம் நனைந்து வந்திருக்கும்போது கேட்கக் கூடாது என்று கேட்கவில்லை. ரயில் போயிருக்கும் என்று தெரிந்த பிறகு போர்வையை இழுத்துக்கொண்டு அழுதேன்.

எப்படிப் போனான்? சொல்லுங்கள். இங்கே எல்லாரும் என்னிடம் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

பிலோமி


கல்மண்டபம்
3-11-54

பிலோமிக்கு,

ஒன்னாண்ட பொய் சொல்லணும்னு வரல. ஆப்பரேசன் முடியட்டும்னு பாத்தேன். எனக்கு அது கூட சரியா வரல பாரு.

மள வுடாம பேஞ்ச வாரம். நான் வறுத்த மண்ணுதான் போட்டேன், ஈரமே இல்ல. ஒரு காலைல பெட்டியாண்ட போயிட்டு வந்தான். கொஞ்ச நேரத்துல திரும்பப் போனான். பாக்காதன்னு நீ எழுதியிருந்தே, அதனால பாக்கல. சத்தம் வித்தியாசமா கேட்டுது. எட்டிப் பாத்தேன். தோண்டறான், குந்தறான், எந்திரிக்கறான். இன்னொரு மூலைல தோண்டறான், குந்தறான். ஒரு சொட்டு வரல.

என் மேலதான் தப்போன்னு மொத்த மண்ணையும் கொட்டிட்டு, பெட்டியக் கய்வி, அடுப்பாண்ட வெச்சி காய வெச்சி, புது மண்ணு போட்டேன். வந்தான். மோந்தான். குந்துனான். என்னப் பாத்து ஒரு கத்து கத்துனான் பிலோமி, அந்த மாதிரி ஒரு பூனை கத்தி நான் கேட்டதில்ல. மறுநாளு எடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. மண்ணு நான் பரப்புனபடியே காஞ்சி கெடந்துச்சு. எம்மாம் நாளு அந்தப் பெட்டியக் கண்டா எனக்கு எரிச்சலா வரும். அன்னிக்கு அது சுத்தமா கெடந்ததத்தான் பாக்க முடியல.

வயிறு தொட்டா கல்லு. தண்ணி வெச்சா மூஞ்ச திருப்பிகினான். வேப்பேரில மிருக ஆஸ்பத்திரி கீதுன்னு ஃப்ளோரன்சு சொன்னா. காஜா மொய்தீன கூப்ட்டேன். வண்டில வைக்கோலு பரப்பி, மேல தார்ப்பாயி கட்டுனான். நான் மடியில வெச்சிகினு குந்துனேன். மூலக்கொத்தளம் தாண்டறதுக்குள்ள ஒடம்பு தளந்துடுச்சு. மொய்தீனாண்ட, "வண்டியத் திருப்பு"ன்னேன். அவன் திரும்பிக்கூடப் பாக்கல, மாட்ட மட்டும் திருப்புனான்.

சாயங்காலம் ஜேக்கப்பு வந்தான். சொன்னேன். குட்டியா தூக்கியாந்தப்போ சுத்துனானே, அதே மாதிரி ஒரு கைக்குட்டைய எடுத்தாந்தான். பத்தல, இவன் பெருசாயிட்டான் இல்ல. அப்பால தன் வேட்டியக் கிழிச்சி சுத்துனான். ரயில்வே வேலி ஓரம் மண்ணு எளகிக் கெடந்துச்சு, அங்க கொண்டும் போனோம். மம்புட்டிய என்னாண்ட குடுக்கல. அவனே தோண்டுனான். தோண்டிகினு இருந்தவன் அந்தக் குழியாண்டயே குந்திட்டான். மளையில நனைஞ்சிகினு வாயத் தொறந்து அழுவறான். எங்கப்பனுக்கு அழுவல, அம்மாவுக்கு அழுவல. "எல்லாம் என் கையிலதான் போவுது"ன்னான். பூனைக்காவா அழுவறான்? எனக்குத் தெரியாதா?

மம்புட்டிய வாங்கி மூடிட்டு, கையப் புடிச்சி இட்டாந்தேன்.

ஆப்பரேசனுக்கு மொதநாளே நான் வந்துடுவேன். ஆஸ்பத்திரி பின்னாடி ஒரு வூட்ல தங்க எடம் குடுக்கறாங்களாம், சிஸ்டராண்ட கேட்டு வெச்சிக்கீறேன். ஜேக்கப்பும் வர்றேன்றான். வாசலுக்கு வெளிய நிக்கறேன்றான். நிக்கட்டும். உள்ள வான்னு நீ கூப்டாத, நானும் கூப்டல.

பெட்டிய இன்னா பண்றது? கதவு பின்னாடியே கீது. தாண்டித் தாண்டிப் போவறேன்.

இருதயம்மாள்


ஆஸ்பத்திரி
19 டிசம்பர் 1954

அன்புள்ள அக்கா,

நீங்கள் ஊருக்குத் திரும்பின பிறகு நானே என் கையால் எழுதுகிற முதல் கடிதம் இது. ஒரு நாளைக்கு நாலு வரியாக எழுதுகிறேன்.

இடது பக்கம் நன்றாக உள்வாங்கிவிட்டது. தோள் கீழே இறங்கிவிட்டது. நேற்று ஞானம் கண்ணாடி கொண்டுவந்தாள், வேண்டாம் என்றேன். சாயங்காலத்தில் இன்னும் சுரம் வருகிறது. வீட்டுக்கு எப்போது என்று டாக்டரிடம் கேட்டேன். "முதலில் இந்த வருஷம் முடியட்டும்" என்றார். எந்த வருஷம் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

பெட்டியை உடைத்து அடுப்பில் வைத்துவிடுங்கள் அக்கா. மழைக்கு விறகு நனைந்திருக்கும். இன்னொரு பூனையைக் கொண்டுவந்து என்னைத் தேற்ற வேண்டாம் என்று அவரிடமும் சொல்லிவிட்டேன்.

ஆம், அவர் வந்தார். உங்களோடு வந்தபோது மரத்தடியிலேயே நின்றவர், போன ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்தார். மணி அடித்து எல்லாரும் உள்ளே வந்த பிறகும் அவர் மட்டும் வார்டு வாசலில் நின்றார். மூக்கில் கைக்குட்டை. நீங்கள் சொன்னபடி நான் கூப்பிடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ரொம்ப நேரம் கழித்துக் கால்மாட்டில் நிழல் தெரிந்தது. முத்தம்மாவின் கட்டிலில் இப்போது ஒரு சின்னப் பெண் இருக்கிறாள், அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு இருமல் வந்துவிட்டது. எழுந்து துப்ப முடியாது, ஞானம் அந்தக் கோடியில் இருந்தாள். கிண்ணம் மேஜை மேல். என் கைக்கு எட்டவில்லை.

அவர் கிண்ணத்தை எடுத்தார். என் தலைக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்துத் தூக்கி, வாயருகே பிடித்தார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான். கொஞ்சம் ரத்தமும் வந்தது. நான் முடித்தது அவருக்குத் தெரியவில்லை. "போதுங்க" என்று சொன்ன பிறகுதான் கண்ணைத் திறந்தார். கிண்ணத்துக்குள் பார்த்தார்.

பிறகு அதை இரண்டு கையாலும் பிடித்து, வெளியே தொட்டிக்குக் கொண்டுபோனார். அவ்வளவு தூரம் நடந்து போவதை நான் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை அக்கா.

பிலோமி